முறிந்த எலும்பும் பிரண்டையும்

மரத்திற்கு வயிரம் எத்தகையதோ அத்தகையது மனித உடலுக்கு எலும்பு. ஆயினும் இவ்விரண்டிற்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. மரம் முதிருந்தோறும் வயிரம் ஏறும். மனிதரோ முதிருந்தோறும் எலும்பின் உறுதி குன்றப் பெறுவர். இளமையில் மரக்கிளையினின்று விழுந்தும் வெறுஞ் சிராய்ப்போடு எழுந்து ஓடினவர், எழுபதாம் வயதில் குளியலறையில் கால் வழுக்கி உட்கார்ந்த அளவிலேயே இடுப்பெலும்பு முறியக் காண்கிறோம். அங்ஙனம் முறிந்த எலும்பைப் பச்சிலை, தண்டு, வேர் முதலியவற்றின் சாற்றாற் கூட்டிவிடலாம் என்னும் நம்பிக்கை நம் நாட்டில் நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. அந்நம்பிக்கையில் உண்மை எவ்வளவு, மிகை எவ்வளவு என்பதை நடுநிலையோடு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சி வட சென்னையில் வாழ்வோர்க்கு வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. காசிமேட்டில் மீன் கூடை சுமக்கும் மகளிரும், துறைமுகத்தில் மூட்டை தூக்கி முதுமை எய்திய தொழிலாளரும், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய இடங்களின் தொழிற்சாலைகளில் உழைத்து ஓய்ந்தோரும் நிறைந்த பகுதி இது. குறுகிய சந்துகளும், செங்குத்தான படிகளும், தண்ணீர் சிந்தி வழுக்கும் குழாயடிகளும் முதியோரை எளிதில் வீழ்த்துகின்றன. வீழ்ந்தபின் எங்குச் செல்வது? ஆந்திர நாட்டுப் புத்தூரின் பெயரால் வழங்கும் ‘புத்தூர்க் கட்டு’ச் சாலைகளின் பலகைகள் சென்னைத் தெருக்களிற் காணப்படுகின்றன. மற்றொரு பக்கம், பழைய மக்கள் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’ என்று அழைத்ததும், 1938-ஆம் ஆண்டில் மருத்துவக் கல்லூரியாக உயர்வு பெற்றதுமான ஸ்டான்லி மருத்துவமனை நிற்கின்றது. இவ்விரு வழிகளுள் எதனைத் தேர்வது என்பதைப் பல குடும்பங்கள் ஓர் இரவிற்குள் முடிவு செய்ய வேண்டியிருக்கின்றது. அம்முடிவைப் பொறுத்து ஓர் உயிரே நிற்றலும் உண்டு.

முதலில் எலும்பின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். எலும்பு கல்லைப் போல உயிரற்ற பொருள் என்று எண்ணுவோர் பலர், அஃது உண்மையன்று. கொல்லஜன் என்னும் நார்ப்பொருள் ஒரு பின்னலாக அமைய, அப்பின்னலுக்குள் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரஸும் சேர்ந்த உப்பு இறுகியிருப்பதே எலும்பு. நார் வளைந்து கொடுக்கும். உப்பு வன்மை தரும். இவ்விரண்டும் ஒருங்கே அமைதலின் எலும்பு எளிதில் நசுங்குவதும் இல்லை. கண்ணாடி போல உடைவதும் இல்லை. மேலும் எலும்பினுள் இருவகை உயிரணுக்கள் ஓயாது தொழில் புரிகின்றன. ஒரு வகை பழைய எலும்பை அரித்து அகற்றும். மற்றொரு வகை அவ்விடத்தே புதிய எலும்பைக் கட்டும். காசிமேட்டில் மரப்படகின் இற்றுப்போன பலகையைக் கழற்றி எறிந்து புதுப்பலகை பொருத்துவதை நாம் காண்கிறோம் அன்றோ? அத்தகைய பழுது பார்க்கும் வேலை நம் எலும்புகளில் வாழ்நாள் முழுவதும் நிகழ்ந்து வருகின்றது.

இளமையில் கட்டும் வேலை மிகுதி. நடுவயதில் இரண்டும் ஒத்து நடக்கும். பின்னர் அரிக்கும் வேலை மிகுந்து, கட்டும் வேலை பின்தங்கும். அந்நிலையில் எலும்பு தன் புறவடிவம் மாறாமலே உள்ளே புரையோடி, தேன்கூட்டின் சுவர்கள் மெலிந்தாற்போல் ஆகின்றது. இதனையே எலும்புப்புரை நோய் என்பர். பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் இந்நோய் விரைந்து வளர்வதை அமெரிக்க மருத்துவ அறிஞர் புல்லர் ஆல்பிரைட் என்பவர் தம் குழுவினருடன் ஆராய்ந்து 1941-ஆம் ஆண்டில் விளக்கினார். சூற்பையினின்று ஊறும் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குறைந்தவுடன், எலும்பை அரிக்கும் உயிரணுக்கள் கட்டவிழ்த்து விட்டாற்போல் ஆகிவிடுகின்றன. இளம் பருவத்தினரின் சராசரி அடர்த்தியினின்று 2.5 திட்ட விலக்க அளவோ அதற்கு மேலோ ஒருவரது எலும்பு அடர்த்தி தாழ்ந்திருப்பின், அவருக்கு இந்நோய் உண்டு எனக் கொள்ளலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 1994-ஆம் ஆண்டில் வரையறை செய்தது. இந்நோய்க்கு வலி இல்லை, முன்னறிவிப்பு இல்லை. பெரும்பாலும் முதல் அறிகுறியே முறிவுதான்.

நிற்க. முறிந்த எலும்பு எங்ஙனம் கூடுகின்றது? முறிந்த இடத்தில் முதலில் இரத்தம் கசிந்து உறைகின்றது. சில நாட்களில் அவ்வுறைவினுள் புதிய இரத்தக் குழாய்கள் புகுகின்றன. சில வாரங்களில் குருத்தெலும்பு போன்ற மென்மையான இணைப்பு இரு முனைகளையும் பற்றுகின்றது. பின்னர் அதனுள் சுண்ணாம்புச் சத்துப் படிந்து வன்மையான இணைப்பாகின்றது. இறுதியில், மாதங்கள் பலவும் சில வேளைகளில் ஆண்டுகளும் கழிய, அவ்விணைப்புச் செதுக்கப்பெற்றுப் பழைய வடிவத்தை ஒருவாறு அடைகின்றது. இவ்வேலை முழுவதும் செய்வது உடலே. மருத்துவன் அதற்குத் துணை நிற்பவன் மட்டுமே. அத்துணைக்கு நான்கு உறுப்புகள் உண்டு. முறிந்த முனைகள் நேராகப் பொருந்துதல் வேண்டும். பொருந்தியவை அசையாதிருத்தல் வேண்டும். இரத்த ஓட்டம் குறையாதிருத்தல் வேண்டும். சீழ் பிடியாதிருத்தல் வேண்டும். இந்நான்கும் அமைந்தபின்னரே மருந்தைப் பற்றிய பேச்சிற்கு இடமுண்டு.

இவ்வுண்மையை மனத்திற் கொண்டு நாட்டுக் கட்டுச் சாலையை நோக்குவோம். அங்கே கைதேர்ந்தோர் முறிந்த இடத்தைத் தடவி அறிந்து, இழுத்து நேராக்கி, மருந்து பூசி, மூங்கிற் பத்தைகளை வைத்துத் துணியாற் கட்டுகின்றனர். சில வாரங்களில் எலும்பு கூடுகின்றது. சிறுவர்களின் முன்கை முறிவு போன்றவை இங்ஙனம் செவ்வனே ஆறக் காண்பதில் வியப்பில்லை. ஆனால் எலும்பைக் கூட்டியது பூசிய பச்சிலையா, அசையாது பிடித்த மூங்கிற் பத்தையா, அன்றி உடலின் இயற்கை ஆற்றலா? கட்டுண்டவரைக் கேட்டால் பச்சிலை என்பார். பெரும்பாலான முறிவுகள் தாமே கூடும் இயல்பினவாதலின், எம்மருந்தைப் பூசினாலும் அம்மருந்திற்கே புகழ் சேரும். ஆகவே, மருந்து பெற்றோரையும் பெறாதோரையும் ஒரே நிலையில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தால் அன்றி உண்மை விளங்காது.

இனி, இத்துறையில் தலைசிறந்ததாகக் கருதப்பெறும் மூலிகையாகிய பிரண்டையைப் பார்ப்போம். நாற்பட்டையான தண்டும், கணுக்கள்தோறும் பற்றுக்கம்பியும் இலையும் உடைய இக்கொடி வேலிகளிற் படர்வதை அறியாத தமிழர் இலர். தாவர நூலார் இதனைத் திராட்சைக் கொடியின் குடும்பத்திற் சேர்ப்பர். வச்சிரவல்லி என்பது இதன் மற்றொரு பெயர். வடமொழியில் இதனை அஸ்திசம்ஹாரம் என்றும், இந்தியில் ஹட்ஜோட், அதாவது எலும்பு கூட்டி, என்றும் வழங்குவர். நார் நீக்கி நல்லெண்ணெயில் வதக்கிப் புளியோடு அரைத்த பிரண்டைத் துவையல் நம் வீடுகளில் பழைய உணவு. வதக்காது கையாண்டால் அரிப்பெடுக்கும். அதன் தண்டிலுள்ள சுண்ணாம்பு ஆக்சலேட்டு என்னும் ஊசி போன்ற நுண்படிகங்களே அதற்குக் காரணம். ‘பெற்ற வயிற்றிற்குப் பிரண்டையைக் கட்டிக்கொள்ளலாம்’ என்று நொந்துகொள்ளும் தாய்மாரின் பழமொழி இவ்வரிப்பினின்று பிறந்தது என்பாரும் உளர்.

பிரண்டையின் தண்டு கணுக்கணுவாக, எலும்பு மூட்டுகளைக் கோத்தாற்போல் தோன்றுதலின், உருவ ஒப்புமை பற்றியே முன்னோர் இதனை எலும்பிற்கு மருந்தாக்கினர் என்று கூறுவாரும் உளர். இத்தகைய பெயர்கள் பிற நாடுகளிலும் உண்டு. சீனர் ‘நொறுங்கிய எலும்பைச் சீராக்குவது’ என்னும் பொருள்படப் பெயரிட்டு ஒரு பெரணிக் கிழங்கைப் பயன்படுத்துகின்றனர். நம் கொல்லிமலையில் விற்கும் முடவாட்டுக்கால் கிழங்கு அதற்கு நெருங்கிய இனமாகும். ஆங்கிலேயர் காம்பிரி என்னும் செடியை ‘எலும்பு பின்னி’ எனப் பொருள்படும் பெயரால் அழைத்தனர். ஆனால் பெயர் வேறு, பயன் வேறு. காம்பிரிச் செடியில் கல்லீரலுக்குக் கேடு செய்யும் நச்சுப் பொருள் இருத்தலின், அதனை உட்கொள்ளும் மருந்தாக விற்றல் ஆகாது என்று 2001-ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மருந்து ஆணையத்தார் விற்பனையாளர்க்கு அறிவுறுத்தினர். தொன்மை என்பது ஒரு மருந்தை ஆராயத் தூண்டுகோலாகலாம், ஆராய்ச்சிக்கு மாற்றாகாது.

அத்தூண்டுதலை ஏற்றுப் பிரண்டையை முறைப்படி ஆராய முற்பட்டவருள் முதன்மையானோர் காசி இந்துப் பல்கலைக் கழகத்தைச் சார்ந்த கே. என். உடுப்பா என்னும் அறுவை மருத்துவரும் அவருடன் உழைத்த ஜி. சி. பிரசாத் முதலியோரும் ஆவர். 1960-ஐ அடுத்த ஆண்டுகளில் இவர்கள் விலங்குகளிடத்தே எலும்பு முறிவை உண்டாக்கி, சிலவற்றிற்குப் பிரண்டையின் சாரத்தை அளித்தும் சிலவற்றிற்கு அளியாதும் ஒப்பிட்டனர். கதிரியக்கமுள்ள சுண்ணாம்புச் சத்தைச் செலுத்தி, அது முறிந்த இடத்தில் எவ்வளவு விரைவிற் படிகின்றது என்று அளந்தனர். கூடிய எலும்பின் வலிமையையும் கருவிகளால் சோதித்தனர். பிரண்டை பெற்றவற்றில் முறிவு விரைந்து ஆறியது என்பது 1964-ஆம் ஆண்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் அவர்கள் வெளியிட்ட முடிவு. கார்ட்டிசோன் என்னும் மருந்து எலும்பு கூடுதலைத் தாமதிக்கச் செய்வது. அம்மருந்து செலுத்திய விலங்குகளின் முறிவில் பிரண்டை என்ன செய்கின்றது என்பதையும் அதற்கு முந்திய ஆண்டில் அவர்கள் ஆராய்ந்திருந்தனர். நாட்டு நம்பிக்கையை இகழாமலும், கண்மூடி ஏற்காமலும், அளவுகோலை எடுத்துச் சென்ற அவர்தம் முறை மாணவர் யாவரும் பின்பற்றத் தக்கது.

மேற்கூறியவை முறிவைப் பற்றிய ஆராய்ச்சிகள். எலும்புப்புரையைப் பற்றிய ஆராய்ச்சி பின்னர் எழுந்தது. பெண் எலிகளின் சூற்பையை அகற்றிவிட்டால், மாதவிடாய் நின்ற மகளிரைப் போலவே அவற்றின் எலும்பும் மெலியும். 2003-ஆம் ஆண்டில் மணிப்பால் ஆராய்ச்சியாளர் அத்தகைய எலிகளுக்குப் பிரண்டையின் சாராயச் சாரத்தை, உடல் எடையில் ஒரு கிலோவிற்கு 500 மில்லிகிராம், 750 மில்லிகிராம் என இரு அளவுகளிற் கொடுத்து, எலும்பு இழப்பு குறைவதைக் கண்டனர். 1951-ஆம் ஆண்டில் லக்னோவில் நிறுவப்பெற்ற மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தார், நம் ஈட்டி மரத்தின் இனமாகிய சீஷம் மரத்து இலையின் சாரமும் அத்தகைய எலிகளில் எலும்பைக் காப்பதாக 2012-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இச்சாரங்கள் அரிக்கும் உயிரணுக்களை அடக்கியும், கட்டும் உயிரணுக்களை ஊக்கியும் தொழிற்படுகின்றன என்பது அன்னோர் கருத்து.

இவை மகிழத்தக்க செய்திகளே. எனினும் இவற்றின் எல்லையையும் உணர்தல் வேண்டும். எலிக்கு அளித்த அளவை மனிதர்க்கு அப்படியே பெருக்கிக் கொடுப்பது முறையன்று. உடற்பரப்பைக் கொண்டு கணக்கிடும் வழக்கத்தின்படி எலியின் அளவை ஏறத்தாழ ஆறால் வகுப்பர். அங்ஙனம் வகுத்தாலும், 50 கிலோ எடையுள்ள ஒருவர்க்கு நாள்தோறும் சுமார் 6 கிராம் சாரம் வேண்டும். இஃது அம்மியில் அரைத்த விழுது அன்று. பெருந்தொகையான தண்டை உலர்த்தி, வடித்து, வற்றச் செய்து பெறும் செறிந்த பொருள். வாரம் ஒரு முறை உண்ணும் துவையல் இதற்கு ஈடாகாது. தண்டிலுள்ள சுண்ணாம்புச் சத்திலும் ஒரு பகுதி ஆக்சலேட்டாக இருத்தலின் உடல் அதனை எளிதில் ஏற்பதில்லை. மனிதரிடத்தே செய்த சோதனைகளோ சிலவே. தாடையெலும்பு முறிந்தோர் போன்ற சிறு தொகையினரிடத்து, வலியும் வீக்கமும் விரைந்து தணிந்ததாக அவை கூறுகின்றன. அத்தாடைகளும் முறைப்படி பொருத்தப் பெற்றவையே. பிரண்டை அவற்றிற்குத் துணை மருந்தாகவே நின்றது. இச்சிறு சோதனைகளைக் கொண்டு, எலும்புப்புரையால் இடுப்பு முறிந்த மூதாட்டிக்குப் பிரண்டையே போதும் என்று முடிவு கட்டுதல் மணலிற் கோபுரம் எழுப்புவதாகும்.

இடுப்பு முறிவைத் தனியே எடுத்துரைத்தற்குக் காரணம் உண்டு. தொடையெலும்பின் கழுத்து முறியுமாயின், அதன் தலைப்பகுதிக்குச் செல்லும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெரும்பாலும் அறுபடுகின்றன. இரத்தம் செல்லாத எலும்பு எம்மருந்தாலும் கூடாது. பத்தை வைத்துக் கட்டி அசையாது நிறுத்தவும் அவ்விடம் இடந்தராது. ஆகவே முதியவர் பாயிலே கிடக்க நேர்கின்றது. கிடக்குந்தோறும் முதுகிற் படுக்கைப்புண் தோன்றும். நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் பிறக்கும். காலின் இரத்தக் குழாயில் இரத்தம் உறையும். ‘எலும்பு முறிந்துதானே போனார்’ என்று உறவினர் கூறினும், உயிரைக் கொண்டு போவது முறிவன்று. முறிவினால் நேர்ந்த கிடையே. தக்க சிகிச்சை பெற்றோருள்ளும் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் ஓராண்டிற்குள் இறக்கின்றனர் எனின், கிடையிலேயே விடப்பட்டோர் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. இதனாலேதான் கூடுமானால் இரண்டு நாட்களுக்குள் அறுவை செய்து, திருகாணியால் பொருத்தியோ செயற்கைத் தலை அமைத்தோ, மறுநாளே நோயாளியை எழுப்பி நிறுத்த மருத்துவர் விரைகின்றனர். எழுபது வயதிற்கு மேல் அறுவை எதற்கு என்று அஞ்சுதல் இயல்பே. ஆனால் அறுவையினும் அஞ்சத்தக்கது படுக்கை.

கை, கால்களிற் கட்டுப் போட்டோரும் ஓர் எச்சரிக்கையை மறத்தலாகாது. கட்டு எங்குப் போட்டதாயினும் ஆகுக. முறிந்த இடம் வீங்கும்போது இறுகிய கட்டு இரத்த ஓட்டத்தைத் தடுக்கும். விரல்கள் வெளுத்தோ நீலம் பாரித்தோ போதல், மரத்தல், விரலை நீட்டுகையிற் பொறுக்கலாகாத வலி தோன்றுதல் ஆகிய குறிகளைக் கண்டவுடன், பொழுது புலரட்டும் என்று காத்திராது கட்டைத் தளர்த்தி மருத்துவமனை சேர்தல் வேண்டும். சில மணி நேரத் தாமதத்தால் தசை மடிந்து கை சூம்பிப்போதலை ஜெர்மானிய அறுவை மருத்துவர் வோல்க்மன் 1881-ஆம் ஆண்டிலேயே விளக்கியுள்ளார். தோலைக் கிழித்து எலும்பு வெளிப்பட்ட முறிவின்மேல் எவ்வகைப் பச்சிலையும் பூசுதல் கூடாது. அது சீழுக்கு வழி திறப்பதாகும்.

வட சென்னையார்க்கென இன்னும் ஒன்று கூற வேண்டும். மூலிகை தான் வளரும் மண்ணின் குணத்தையும் உடன் கொள்ளும். அனல் மின்நிலையச் சாம்பல் கொசஸ்தலையாற்றின் கழிமுகத்திலும் அதனை அடுத்த நிலத்திலும் பரவியுள்ளமை எண்ணூர் மக்கள் அறிந்ததே. அத்தகைய இடத்து வேலியிற் படர்ந்த பிரண்டையைப் பறித்து மருந்தாக உண்ணுதல் நன்றன்று. வீட்டுத் தொட்டியிலேயே ஒரு கணுவை ஊன்றினால் எளிதில் தழைக்கும். மூட்டுவலிக்கென மருத்துவர் சீட்டின்றி வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரைகளும் எலும்பைப் புரையோடச் செய்வன. வலி தணிகின்றதே என்று அவற்றைத் தொடர்தல், வீட்டின் உத்திரத்தை வெட்டி அடுப்பெரிப்பதை ஒக்கும்.

முறிவு ஆறியபின் பலர் நோயே தீர்ந்தது என்று எண்ணி விடுகின்றனர். முறிவு தீர்ந்தது, புரை தீரவில்லை. ஒரு முறை முறிந்தவர்க்கு மறுமுறை முறியும் அபாயம் மிகுதி. எலும்பின் அரிப்பை அடக்கும் மருந்துகள் பல இன்று உண்டு; அவற்றுள் அலெண்ட்ரோனேட்டு என்பது 1995-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க நாட்டில் இசைவு பெற்றது. ஆதலின், கட்டுப் பிரிக்கும் நாளிலேயே எலும்பின் அடர்த்தியைப் பற்றி மருத்துவரிடம் வினவுதல் வேண்டும்.

மருந்தினும் சிறந்தது காப்பு. வளர்ந்தோர்க்கு நாள்தோறும் 1000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் 2020-ஆம் ஆண்டில் வகுத்த அளவு. 100 கிராம் தீட்டிய அரிசியில் இச்சத்துச் சுமார் 10 மில்லிகிராமே உண்டு; அதே அளவு கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் உண்டு. ஏழையின் கூழ் செல்வரின் சோற்றை வெல்லும் இடம் இது. முள்ளோடு உண்ணும் நெத்திலியும் அதன் கருவாடும் நம் கடற்கரை அளிக்கும் பெருஞ்செல்வம். மோர், எள், முருங்கைக்கீரை ஆகியவையும் அத்தகையன. நாள்தோறும் சிறிது நேரம் வெயில் படுதலும் நடத்தலும் இன்றியமையாதவை; வெயிலால் தோலில் உண்டாகும் வைட்டமின் ‘டி’ இல்லாவிடில், உண்ட சுண்ணாம்புச் சத்து உடலிற் சேராது. புகையும் மதுவும் எலும்பிற்குப் பகை. குழாயடிப் பாசியைத் தேய்த்துக் கழுவுதலும், படிக்குக் கைப்பிடி அமைத்தலும், இரவில் ஒரு சிறு விளக்கு எரிய விடுதலும் எவ்வளவோ மருந்திற்கு ஈடாகும்.

ஆகவே மாணவ நண்பர்காள், பிரண்டையை இகழ வேண்டா. அதற்கு இயலாத வேலையை அதன் தலையில் சுமத்தவும் வேண்டா. துவையலாக அஃது இலையில் இருக்கட்டும்; ஆராய்ச்சிச் சாலையில் அதன் சாரம் மேலும் சோதனை பெறட்டும்; உங்களுள் வேதியியலும் தாவரவியலும் பயில்வோர் அவ்வேலையை மேற்கொள்ளின் நாடு நன்மை பெறும். ஆனால் உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ முதியவர் ஒருவர் வீழ்ந்து, காலை ஊன்ற இயலாது, கால் குறுகிப் புறம் நோக்கித் திரும்பிக் கிடப்பாராயின், எச்சாற்றையும் தேடி ஓடாதீர். அவரை நிற்க வைத்துப் பார்க்கவும் வேண்டா. 108 என்னும் எண்ணிற்குச் சொல்லி அனுப்பி, எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். கற்றவர் ஒருவர் அருகிருந்து அவ்வேளையில் உறுதியாகக் கூறும் ஒரு சொல், பாயிற் கிடந்து மாய இருந்த ஒரு பாட்டியை மீண்டும் தன் வாயிற்படியில் அமர்ந்து தெருவைக் காணச் செய்யும்.